ரத்து செய்தது விற்பனையாளர், பதிவில் இருப்பது என் பெயர்: என்ன செய்யலாம்?

தும்பை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். தையலைத் தொழிலாகத் தொடங்கியிருக்கும் என் தங்கைக்காக ஓர் இணைய விற்பனைத் தளத்தில் மின் தையல் இயந்திரம் ஒன்றை ஆர்டர் செய்து, முழுத் தொகையையும் டெபிட் கார்டு வழியாக அப்போதே செலுத்தினேன். ஏழு நாளில் வந்து சேரும் என்று மின்னஞ்சல் வந்தது. ஏழாம் நாள் மாலையில் தேதி ஐந்து நாள் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு மேலும் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர்கள், பொருள் கூரியரிடம் போய்விட்டது, இந்த முறை கண்டிப்பாக வந்துவிடும் என்றார்கள். இருபத்து மூன்றாம் நாள் காலையில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஆர்டர் ரத்தானதாகக் குறுஞ்செய்தி வந்தது.

என்னை மிகவும் வருத்தியது அதற்குப் பிறகு நான் கண்டதுதான். தளத்தில் என் கணக்கைத் திறந்து பார்த்தபோது, ரத்துக்கான காரணம் என்ற இடத்தில் ‘வாடிக்கையாளரின் வேண்டுகோளின்படி’ என்று எழுதியிருந்தது. அப்படியொரு வேண்டுகோளை நான் எழுத்திலும் வைக்கவில்லை, பேச்சிலும் வைக்கவில்லை. அதே இயந்திரம் அதே தளத்தில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. விலை மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. பணத்தைத் தளத்தின் வாலட்டில் வேண்டுமானால் உடனே வரவு வைக்கிறோம், வங்கிக் கணக்குக்கு என்றால் நாளாகும் என்கிறார்கள். தங்கை இயந்திரம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் துணிகளை வாங்கி வைத்துவிட்டு, எல்லாரிடமும் தவணை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பொய்யான பதிவை மாற்ற முடியுமா, பணம் முழுதாக வருமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய கணக்கர்:

வணக்கம் தும்பை. அட்டை வழியாகச் செலுத்தும் பணத்தைத் தீர்வு செய்யும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், பணம் பற்றிய பகுதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அட்டையில் பணம் செலுத்துவது வெளியிலிருந்து பார்க்க ஒரே செயலாகத் தோன்றினாலும், உள்ளே அது இரண்டு படிகளாக நடக்கிறது. முதலில் உங்கள் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி நிறுத்தி வைக்கிறது; பிறகு விற்பனையாளர், வழக்கமாகப் பொருளை அனுப்பும்போது, அந்தத் தொகையைத் தம் பக்கம் எடுத்துக்கொள்கிறார். முதற்படியிலேயே ஆர்டர் ரத்தானால், நிறுத்தி வைத்த தொகை விடுவிக்கப்படும், அவ்வளவுதான். வங்கி அறிக்கையில் வரவு என்று தனி வரி எதுவும் வராது. பலர் வரவைத் தேடித் தேடிக் குழம்புவது இதனால்தான். இரண்டாம் படியும் முடிந்த பிறகு ரத்தானால், விற்பனையாளர் புதிதாக ஒரு வரவுப் பரிவர்த்தனையை அனுப்பியாக வேண்டும். அது விற்பனையாளரின் வங்கி, அட்டை வலையமைப்பு, உங்கள் வங்கி என்று மூன்று இடங்களைக் கடந்து வருவதால் சில வேலை நாட்கள் பிடிப்பது இயல்பு.

ஆகவே முதல் வேலையாக உங்கள் வங்கி அறிக்கையைப் பாருங்கள். தொகை நிலுவையில் நிற்கிறதா, கழிந்து முடிந்துவிட்டதா என்பதை உறுதி செய்யுங்கள். கழிந்து முடிந்திருந்தால், பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் சொல்லும் நாளில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: அந்த வரவை அட்டை வலையமைப்பில் அடையாளம் காட்டும் ஏ.ஆர்.என். எண். விசா, மாஸ்டர்கார்டு பரிவர்த்தனைகளில் அது 23 இலக்கங்கள் கொண்ட எண். வரவு உண்மையிலேயே வலையமைப்புக்குள் சென்றிருந்தால்தான் அந்த எண் பிறக்கும். எண்ணைத் தர முடிந்தால் பணம் வழியில் இருக்கிறது என்று பொருள், அதை வைத்து உங்கள் வங்கி தேடிக் கண்டுபிடித்துவிடும். எண்ணைத் தராமல் ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்று நாள் கடத்தினால், பெரும்பாலும் இன்னும் எதுவும் அனுப்பப்படவில்லை. தளத்தின் உள்குறிப்பு எண்ணையும் ஆர்டர் எண்ணையும் கொடுத்து அதுதான் இது என்பார்கள். இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

கார்முகில்:

வாலட்டில் வாங்கிக்கொள்ளாதீர்கள். நான் ஒருமுறை வாங்கிக்கொண்டேன். அந்தத் தொகையை அதே தளத்தில், அதே கூடிய விலையில்தான் செலவிட முடிந்தது. வங்கிக்கு மாற்றக் கேட்டபோது, நீங்களே தேர்ந்தெடுத்த தீர்வு என்று கைவிரித்துவிட்டார்கள்.

மணற்கேணி:

பொருள் கூரியரிடம் போய்விட்டது என்று அவர்கள் சொன்னதைச் சரிபார்த்தீர்களா, தும்பை? கண்காணிப்பு எண் வந்திருப்பதும் பொருள் புறப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. விற்பனையாளர் கணினியில் லேபிளை உருவாக்கியதுமே எண் பிறந்துவிடும். கிடங்கிலிருந்து பெட்டி நகராமலே அந்த எண் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். கூரியர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணை இட்டுப் பாருங்கள். பெட்டியைப் பெற்றுக்கொண்டதாகவோ முதல் மையத்தில் ஸ்கேன் செய்ததாகவோ ஒரு வரி கூட இல்லையென்றால், உங்களிடம் மூன்று முறை சொன்னது உண்மையில்லை என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பக்கத்தை இன்றே திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ரத்தான ஆர்டர்களின் எண்கள் சில காலத்தில் பதிவிலிருந்து மறைந்துவிடும்.

நூலோர்:

என் துறை நுகர்வோர் சட்டம். தும்பை எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதை நான் கேட்கவில்லை. இந்த இழையைப் படிப்பவர்கள் பல நாடுகளில் இருப்பார்கள் என்பதால் பொதுவான போக்கைச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் நெறிமுறையின்படி, வேறு தேதி பேசப்படாதபோது பொருளை 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால், வாங்கியவர் பொருத்தமான கூடுதல் அவகாசம் ஒன்றைக் கொடுக்க வேண்டும்; அதிலும் தவறினால் ஒப்பந்தத்தை முறித்து முழுத் தொகையையும் தாமதமின்றித் திரும்பப் பெறலாம். குறிப்பிட்ட நாளுக்குள் பொருள் வருவது இன்றியமையாதது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் கூடுதல் அவகாசம்கூடத் தேவையில்லை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி 1975இல் அஞ்சல் வழி ஆர்டர்களுக்காகப் பிறந்து, பிற்காலத்தில் இணையத்துக்கும் விரிவானது. அதன் சிறப்பு, தாமதத்தை அறிவிக்கும் கடமையை விற்பனையாளர் மீது சுமத்துவதுதான். சொன்ன தேதியில் அனுப்ப முடியாதென்று தெரிந்தால், புதிய தேதியைச் சொல்லி, காத்திருக்கிறீர்களா அல்லது ரத்து செய்து பணத்தைப் பெற்றுக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்க வேண்டும். முதல் தாமதம் 30 நாட்களுக்கு உட்பட்டதானால் வாங்குபவரின் மௌனம் சம்மதமாகும். அதற்கு மேலும் தள்ளிப்போனால் வெளிப்படையான சம்மதம் வேண்டும், இல்லையென்றால் கேட்காமலே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பணத்துக்குப் பதிலாகக் கடைக் கூப்பனைக் கொடுத்து அந்தக் கடமையைத் தீர்த்துக்கொள்ளவும் முடியாது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல: 1999ஆம் ஆண்டின் பண்டிகைக் கால ஆர்டர்களில் தாமதத்தை முறையாக அறிவிக்கத் தவறியதற்காக, ஏழு இணைய விற்பனையாளர்கள் 2000 ஜூலையில் மொத்தம் 15 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டார்கள்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் உள்ள ஒரு வாசகத்தைத் தும்பை போன்றவர்கள் கவனிக்க வேண்டும். உறுதியான ஆர்டரை வாங்குபவர் ரத்து செய்தால் அவரிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்க நினைக்கும் நிறுவனம், தான் ஒருதலையாக ரத்து செய்யும்போது அதே அளவு கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும் என்கிறது அந்த விதி. குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ரத்து செய்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு கடமையும் திரும்புகிறது. விற்பனையாளர் ரத்து செய்தார் என்றால் அவர் வாக்குத் தவறியவர்; வாங்கியவர் ரத்து செய்தார் என்றால் மனம் மாறியவர். தும்பையின் கணக்கில் உள்ள அந்த இரண்டு சொற்கள், ஒரு பொறுப்பை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு ஓசையில்லாமல் மாற்றி வைக்கின்றன. பணம் திரும்பி வந்தாலும் அந்தப் பதிவை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எதிர்க்கரை:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். சிறு விற்பனையாளராகச் சில ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரே பொருளை நான்கு தளங்களில் பட்டியலிடும்போது கையிருப்புக் கணக்கு ஒத்துப்போகாமல், இருப்பது ஒன்று, வந்த ஆர்டர் மூன்று என்று ஆவது உண்டு. எல்லா ரத்தும் சூழ்ச்சி அல்ல. மேலும், பல தளங்களின் விதிமுறைகளில், ஆர்டரைப் பெற்றுக்கொண்டதாக வரும் மின்னஞ்சல் ஒப்பந்தம் ஆகாது, பொருளை அனுப்பியதாக வரும் மின்னஞ்சலோடுதான் ஒப்பந்தம் உருவாகிறது என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பழைய விலைக்கே தர வேண்டும் என்று வாதிட்டால் அந்த வாதம் நிற்காமல் போகலாம்.

விலைப் பிழையும் இப்படித்தான். சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்த வழக்கொன்றில், இணையதளத்தில் அச்சுப்பொறி ஒன்றின் விலை தவறுதலாக மிகக் குறைவாகப் பதிவாகியிருந்தது. அது பிழை என்று அறிந்தே நூற்றுக்கணக்கில் ஆர்டர் செய்தவர்களுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது, மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

நூலோர்:

எதிர்க்கரை அவர்கள் சொன்ன வழக்கு சரியானது. ஆனால் அங்கே வாங்கியவர்களுக்குப் பிழை தெரிந்திருந்தது. இங்கே தும்பை சந்தை விலையில் ஓர் இயந்திரம் வாங்கினார். கையிருப்பு தீர்ந்ததால் ரத்தாகியிருந்தால் ‘கையிருப்பு இல்லை’ என்றே எழுதியிருக்கலாமே, வாங்கியவர் கேட்டதாக ஏன் எழுத வேண்டும்? ஒப்பந்தம் எப்போது உருவாகிறது என்பது பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். தும்பை, உங்களுக்குப் பொருள் அனுப்பப்பட்டதாக மின்னஞ்சல் வந்ததா?

தும்பை:

வந்தது. ஐந்தாம் நாள் ‘உங்கள் பொருள் அனுப்பப்பட்டது’ என்ற தலைப்பில், கண்காணிப்பு எண்ணோடு வந்தது. மணற்கேணி சொன்னபடி கூரியர் தளத்தில் பார்த்தேன்: ‘லேபிள் உருவாக்கப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது, அதுவும் ஐந்தாம் நாள் தேதியில். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வங்கி அறிக்கையில் தொகை கழிந்து முடிந்திருக்கிறது. நேற்று மீண்டும் பேசியபோது, பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம், உங்கள் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள்; வங்கியில் கேட்டால் எதுவும் வரவில்லை, விற்பனையாளரைக் கேளுங்கள் என்கிறார்கள்.

பழைய கணக்கர்:

இருவரும் மாறி மாறி விரல் நீட்டும் இந்த இடத்தில்தான் பலர் களைத்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். இனித் தொலைபேசியில் பேச வேண்டாம். எழுத்தில் மட்டும் கேளுங்கள். அரட்டைப் பெட்டியில் எழுதினால் சாளரத்தை மூடுவதற்கு முன் முழு உரையாடலையும் சேமியுங்கள்.

விற்பனையாளர் வழிக்கு வராவிட்டால் சார்ஜ்பேக், அதாவது உங்கள் வங்கி வழியாகவே பணத்தைத் திரும்பக் கோரும் வழி, இருக்கிறது; டெபிட் கார்டுக்கும் அது உண்டு. விசாவின் விதிகளில் பொருள் வந்து சேராததற்கு 13.1 என்றும், தர வேண்டிய பணத்தைத் திருப்பித் தராததற்கு 13.6 என்றும் தனித்தனிக் காரணக் குறியீடுகள் உள்ளன. பொருள் வராத வழக்குகளில் பொதுவாக 120 நாட்கள் அவகாசம். அது பொருள் வந்து சேர வேண்டிய கடைசித் தேதியிலிருந்து எண்ணப்படும். ஆனால் வங்கிகள் தமக்கென்று குறுகிய கெடு வைத்திருக்கக்கூடும் என்பதால் 120 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். உங்கள் வழக்கில் வங்கி முதலில் பார்க்கப்போவதும் ரத்துக் காரணத்தைத்தான். வாங்கியவரே ரத்து செய்தார் என்று விற்பனையாளர் தரப்பு அந்தப் பதிவைத்தான் நீட்டும்.

இன்னொன்று. பணம் உண்மையிலேயே வழியில் இருக்கும்போது சார்ஜ்பேக் கோரினால் இரண்டு வரவும் வந்து, பிறகு ஒன்றைத் திரும்ப எடுப்பார்கள். சில தளங்கள் கணக்கையே முடக்கிவிடும். ஆகவே முதலில் அந்த 23 இலக்க எண்ணைக் கேட்டு, பதிலுக்கு ஒரு தேதியைக் குறித்துக் கொடுங்கள். அந்தத் தேதி கடந்தால் தயங்காமல் வங்கிக்குப் போங்கள்.

மணற்கேணி:

கடிதத்தை எப்படி எழுதுவது என்று பலர் தனிச்செய்தியில் கேட்பதால் இங்கேயே ஒரு வரைவைத் தருகிறேன். கோபத்தைக் காட்டும் சொல் ஒன்றுகூட வேண்டாம் என்பது என் அனுபவம். படிப்பவர் இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்கும் ஊழியர், அவருக்குத் தேதிகளும் கேள்விகளும்தான் உதவும். வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்புவதோடு நிற்காமல், தளத்தின் அடிப்பகுதியில் குறைதீர் அலுவலரின் முகவரி இருந்தால் அதற்கும், பொருளை விற்றது தளமல்லாத வேறு விற்பனையாளரானால் அவருக்கும் அனுப்புங்கள்.

‘இன்ன எண் கொண்ட ஆர்டருக்கான முழுத் தொகையையும் இன்ன தேதியில் செலுத்தினேன். இன்ன தேதியில் பொருள் அனுப்பப்பட்டதாக உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கூரியர் பதிவின்படி பொருள் அவர்களிடம் ஒப்படைக்கப்படவே இல்லை. இன்ன தேதியில் ஆர்டர் ரத்தானது. ரத்து செய்யுமாறு நான் எவ்வழியிலும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டதாக உங்களிடம் பதிவு இருந்தால் அதன் நகலை அனுப்புங்கள். இல்லையென்றால் ரத்துக்கான காரணத்தைத் திருத்தி எழுத்தில் உறுதி செய்யுங்கள். செலுத்திய தொகை முழுவதையும் அதே அட்டைக்குத் திருப்பி, அதற்கான ஏ.ஆர்.என். எண்ணை ஏழு நாட்களுக்குள் தெரிவியுங்கள். வாலட் வரவை நான் ஏற்கவில்லை. அதே பொருள் உங்கள் தளத்தில் இன்றும் விற்பனையில் இருப்பதால், முதலில் ஒப்புக்கொண்ட விலைக்கே அதை அனுப்ப இயலுமா என்பதையும் தெரிவியுங்கள்.’

பதிவின் நகலை அனுப்புங்கள் என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். இல்லாத வேண்டுகோளுக்கு எவராலும் நகல் தர முடியாது.

கார்முகில்:

தவணைத் திட்டத்தில் வாங்கியவர்கள் கூடுதலாக ஒன்றைச் செய்ய வேண்டும். விற்பனையாளர் பணத்தைத் திருப்பியதும் தவணை தானாக முடிந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. வங்கியில் கேட்டுத் தவணைக் கணக்கை மூடி, அதுவரை பிடித்த வட்டியையும் கேளுங்கள். செலவிட்ட கூப்பனும் புள்ளிகளும் திரும்பினவா என்றும் பாருங்கள்.

தும்பை:

கடிதத்தை மூன்று முகவரிக்கும் அனுப்பிவிட்டேன். இதற்கிடையில் இன்று ஒருவர் அழைத்து, தளத்தின் பணம் திருப்பும் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னார். என் ஆர்டர் தாமதமானது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, வரும் ஓ.டி.பி.யைக் கேட்டார். சந்தேகம் வந்து இணைப்பைத் துண்டித்தேன். நான் தளத்தைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் முறையிட்டிருந்தேன், அதைப் பார்த்திருப்பாரோ?

பழைய கணக்கர்:

பெரும்பாலும் அப்படித்தான். துண்டித்தது மிக நல்லது. உங்கள் கணக்குக்குப் பணம் வருவதற்கு ஓ.டி.பி., ரகசிய எண், திரையைப் பகிரும் செயலி எதுவுமே தேவையில்லை. அவையெல்லாம் பணம் வெளியே போவதற்கு மட்டுமே தேவைப்படுபவை. அந்தப் பதிவில் ஆர்டர் எண்ணோ கைபேசி எண்ணோ இருந்தால் உடனே நீக்குங்கள். தேடுபொறியில் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களையும் நம்ப வேண்டாம். தளத்துக்குள் நுழைந்து அங்குள்ள வழியில் மட்டும் தொடர்பு கொள்ளுங்கள்.

தும்பை:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

ஆறாம் நாள் குறைதீர் அலுவலரிடமிருந்து பதில் வந்தது. நான் ரத்து கேட்டதற்கான பதிவு எதுவும் இல்லை என்றும், விற்பனையாளர் பொருளை ஒப்படைக்காததால் ரத்து நேர்ந்தது என்றும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என் கணக்கில் இருந்த அந்த வரி இப்போது ‘விற்பனையாளரால் ரத்து’ என்று மாறியிருக்கிறது. பணத்தை முன்பே அனுப்பிவிட்டதாகச் சொன்னது உண்மையில்லை, ஏ.ஆர்.என். எண்ணோடு வரவு அனுப்பப்பட்டது கடிதத்துக்குப் பிறகுதான். அந்த எண்ணை வங்கியில் கொடுத்தேன், மூன்றாம் வேலை நாளில் முழுத் தொகையும் வந்து சேர்ந்தது.

பழைய விலைக்கு இயந்திரத்தைத் தர மறுத்துவிட்டார்கள். விலை வித்தியாசத்தைக் கோரி நுகர்வோர் அமைப்பில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அனுப்பியதாக வந்த மின்னஞ்சல், கூரியர் பக்கத்தின் திரைப்பிடிப்பு, அவர்கள் ஒப்புக்கொண்ட கடிதம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். நூலோர் அவர்கள் அந்தப் புகாரைப் பார்த்துத் தர முடியுமா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறேன்.

தங்கைக்கு அறிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய இயந்திரம் ஒன்று கிடைத்தது. வாங்கி வைத்த துணிகளில் பாதிக்கு மேல் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

நூலோர்:

பார்த்துவிட்டேன், தும்பை. இரண்டாம் பத்தியில் ஆர்டர் செய்த நாளின் விலையையும் ரத்தான நாளின் விலையையும் தேதியோடு சேர்த்து எழுதுங்கள். ரத்தான நாளின் விலைக்குச் சான்றாகத் திரைப்பிடிப்பு இருந்தால் அதையும் இணையுங்கள். மற்றவை சரியாக இருக்கின்றன. விசாரணைத் தேதி வந்ததும் இங்கே தெரிவியுங்கள்.